மதிப்பெண் பட்டியலில் திறன்களைப் பதிவுசெய்வது எப்படி? பல்கலைக்கழகங்களுக்கும் தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

நம் ஊர் மதிப்பெண் பட்டியலில் ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். தாள் குறியீடு, தாளின் பெயர், உள்மதிப்பீடு, வெளித்தேர்வு, கிரேடு, கிரெடிட். அவ்வளவுதான். 'தரவுப் பகுப்பாய்வு, 2 கிரெடிட், ஏ பிளஸ்' என்று இருந்தால், அந்த மாணவி ஒரு கலைந்துகிடக்கும் தரவுத் தொகுப்பைச் சரிசெய்யத் தெரிந்தவரா, வரையறைகளை மனப்பாடம் செய்து எழுதியவரா என்று யாராலும் சொல்ல முடியாது. வேலைக்கு எடுப்பவர் மறுபடி ஒரு தேர்வு வைக்கிறார். உண்மையிலேயே உழைத்துக் கற்ற மாணவிக்கு இது பெரிய இழப்பு.

இவ்வளவுக்கும் திறன் தாள்கள் இப்போது பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டன. யுஜிசி 2022 டிசம்பரில் வெளியிட்ட இளங்கலைப் பாடத்திட்ட, கிரெடிட் கட்டமைப்பு, திறன் மேம்பாட்டுத் தாள்களுக்கு 9 கிரெடிட்டும், மொழி, தகவல்தொடர்பு சார்ந்த ஆற்றல் மேம்பாட்டுத் தாள்களுக்கு 8 கிரெடிட்டும் ஒதுக்குகிறது. தமிழ்நாட்டில் 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகளும் கல்லூரிகளுக்குள் நடக்கின்றன. நடப்பதெல்லாம் நடக்கிறது, பதிவில் மட்டும் திறன் தெரிவதில்லை. அதைச் சரிசெய்யும் வேலையை, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம், பாடக்குழு, கணினிப் பிரிவு ஆகிய மூன்றும் சேர்ந்து செய்யும் வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

இந்த எண்ணம் புதிதல்ல. பிரிட்டனில் 2007-ல் வந்த பர்ஜெஸ் குழுவின் அறிக்கை, பட்டத்தின் வகுப்பு ஒன்றை மட்டும் வைத்து ஒரு மாணவரை எடைபோடுவது போதாது என்று சொல்லி, உயர்கல்விச் சாதனை அறிக்கை என்ற ஆவணத்தைப் பரிந்துரைத்தது. ஐரோப்பிய நாடுகளின் பட்டத் துணை ஆவணத்தில் உள்ள 8 பகுதிகளே அதற்கு அடிப்படை. பாடத்துக்கு வெளியே மாணவர் செய்தவற்றுக்கு அதில் 6.1 என்ற பிரிவு. ஆனால் பல்கலைக்கழகமே சரிபார்த்தவை மட்டும்தான் அங்கே இடம்பெறலாம். அமெரிக்காவில் 2015-ல் பதிவாளர்கள் சங்கமும் மாணவர் நலப் பணியாளர்கள் சங்கமும் லூமினா அறக்கட்டளையின் உதவியோடு 'காம்ப்ரிஹென்சிவ் ஸ்டூடன்ட் ரெக்கார்ட்' என்ற முயற்சியைத் தொடங்கின. 'காம்ப்ரிஹென்சிவ் லேர்னர் ரெக்கார்ட்' (சிஎல்ஆர்) என்ற இன்றைய தரநிலையின் வேர் அங்கேதான்.

படி 1: எதைப் பதியலாம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மென்பொருள் வாங்கும் முன்பு இந்த முடிவு கல்விக்குழுவில் தீர்மானமாக வர வேண்டும். என் அளவுகோல் ஒன்றே: யார், எதை வைத்து, எந்த அளவுக்கு மதிப்பிட்டார்கள் என்ற மூன்று கேள்விக்கும் பதில் இருந்தால் பதியலாம். ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் பதியக்கூடாது.

அப்படிப் பார்த்தால் கிரெடிட் உள்ள தாளில் மதிப்பிடப்பட்ட திறன் உள்ளே வரும். இரண்டு நாள் பட்டறையில் உட்கார்ந்திருந்ததற்கான வருகைச் சான்றிதழ் வராது. நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்தது கல்லூரியே பதிவேட்டில் வைத்திருக்கும் உண்மை. அதைப் 'பணி' என்று பதியலாம். அதை வைத்தே 'தலைமைப் பண்பு' என்று எழுதினால் அது கற்பனை, ஏனென்றால் தலைமைப் பண்பை அங்கே யாரும் மதிப்பிடவில்லை. என்சிசியின் 'சி' சான்றிதழை வழங்குவது என்சிசி. உங்கள் பட்டியலில் அதைச் சுட்டலாம், நீங்கள் வழங்கியதுபோல் காட்டக்கூடாது. மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் முடித்த படிப்புக்கும் இதே விதி. அந்தக் கிரெடிட்டை நீங்கள் ஏற்கலாம், மதிப்பிட்டவர் வேறு ஒருவர் என்பது பதிவில் தெரிய வேண்டும்.

படி 2: திறன் கூற்றை எழுதுங்கள்

முழு வேலையிலும் கடினமானது இதுதான். மற்றதெல்லாம் பணம் கொடுத்தால் யாராவது செய்துகொடுப்பார்கள். இதை உங்கள் ஆசிரியர்கள்தான் செய்தாக வேண்டும்.

'மாணவர் தரவுப் பகுப்பாய்வு பற்றி அறிந்துகொள்வார்' என்பது திறன் கூற்று ஆகாது. 'காலியான, இரட்டித்த, தவறான பதிவுகள் உள்ள ஒரு விரிதாளைத் தூய்மை செய்து, செய்த மாற்றங்களைக் குறிப்பெழுதி, தொகுப்பு அட்டவணையும் வரைபடமும் தயாரிப்பார்' என்பது திறன் கூற்று. என்ன செய்வார், எதன் மேல் செய்வார், கையில் என்ன கிடைக்கும் என்பது மூன்றும் அதில் இருக்கிறது. படித்தவுடன் இதற்கு எப்படித் தேர்வு வைப்பது என்று தோன்ற வேண்டும். தோன்றவில்லை என்றால் திருப்பி எழுதுங்கள்.

2 கிரெடிட் தாளுக்கு இப்படி இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று கூற்றுகள் போதும். பத்து எழுதினால் பத்தையும் யாரும் மதிப்பிடப் போவதில்லை.

பொறியியல் கல்லூரிகளில் இருந்து ஒரு குரல் வரும்: 'எங்களிடம்தான் தாள் விளைவுகளையும் பாடத்திட்ட விளைவுகளையும் இணைக்கும் அட்டவணை இருக்கிறதே, அதை அப்படியே ஏற்றிவிடலாமே?' தேசிய அங்கீகார வாரியத்துக்காக 1, 2, 3 என்று எண் போட்டுத் தயாரிக்கும் அட்டவணையைச் சொல்கிறார்கள். கூற்று எழுத அது நல்ல தொடக்கம். ஆனால் அது பாடத்திட்டம் மொத்தமாக இலக்கை எட்டியதா என்று வகுப்பின் சராசரியை வைத்துச் சொல்வது. வகுப்பில் 70 விழுக்காட்டினர் எட்டினார்கள் என்பது, எட்டாத மீதிப் பேரின் பட்டியலில் திறனாக ஏறக்கூடாது.

இதைவிட ஆழமான சிக்கல் தேர்ச்சி மதிப்பெண்ணில் இருக்கிறது. இளங்கலையில் வழக்கமாக 40 எடுத்தால் தேர்ச்சி. ஒரு மாணவர் முதல் மூன்று அலகுகளைப் படித்து 45 வாங்கிவிடலாம். நான்காம் அலகில் இருக்கும் வரைபடத் தயாரிப்பைத் தொடாமலே தாளைத் தாண்டிவிடலாம். தாளில் தேர்ச்சி பெற்ற எல்லோருக்கும் எல்லாத் திறன்களையும் தானாக ஏற்றும்படி மென்பொருளை அமைத்தால், அவர் செய்யாத ஒன்றைச் செய்தார் என்று பல்கலைக்கழகம் சான்றளித்ததாகிவிடும். அதனால் ஒவ்வொரு திறனுக்கும் அதற்கென்று ஒரு மதிப்பீட்டு வேலையும், தனியான தகுதிக் கோடும் வேண்டும். ஆய்வகத் தேர்வு, செயல்திட்டம், நேர்முக விளக்கம் எதுவாகவும் இருக்கலாம். உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணை ஒரே தொகையாக ஏற்றும் பழக்கத்தை இந்தத் தாள்களுக்கு மட்டுமாவது விட்டு, திறன்வாரியாகப் பிரித்து ஏற்றச் சொல்லுங்கள். ஆசிரியர்களுக்குக் கூடுதல் வேலைதான். அதைத் தவிர்க்க எந்தக் குறுக்குவழியும் இல்லை.

படி 3: ஒவ்வொரு திறனுக்கும் மாறாத அடையாளம் கொடுங்கள்

பெயரை நம்பி வேலை செய்யாதீர்கள். 'தகவல்தொடர்புத் திறன்' என்ற பெயரில் ஒரே பல்கலைக்கழகத்தில் நான்கு துறைகள் நான்கு வேறு பொருள்களைச் சொல்லிக்கொடுக்கும். ஒவ்வொரு கூற்றுக்கும் நிலையான இணைய முகவரி ஒன்றும், பதிப்பு எண் ஒன்றும் இருக்க வேண்டும். அந்த முகவரிக்குப் போனால் கூற்று, மதிப்பிடும் முறை, தகுதிக் கோடு எல்லாம் தெரிய வேண்டும். கல்வித் தொழில்நுட்பத் தரநிலைகளை வகுக்கும் 1எட்டெக் அமைப்பின் 'கேஸ்' என்ற தரநிலை இதற்கென்றே 2017-ல் வந்தது. திறன் பட்டியல் ஒரு ஆவணம், ஒவ்வொரு திறனும் ஒரு உருப்படி, உருப்படிகளுக்கு இடையே உள்ள உறவு ஒரு இணைப்பு. மூன்றுக்கும் தனித்தனி அடையாள எண் என்று அது வகுக்கிறது. முழுத் தரநிலையையும் நிறுவ முடியாவிட்டாலும் அந்த அமைப்பைப் பின்பற்றுங்கள்.

பாடத்திட்டம் மாறும்போது பழைய கூற்றைத் திருத்தக்கூடாது. புதிய அடையாளத்தோடு புதிய கூற்று எழுதி, பழையதற்கு 'இதற்குப் பதிலாக அது' என்று இணைப்புக் கொடுக்க வேண்டும். 2024-ல் படித்தவரின் பட்டியல் 2024-ன் கூற்றைத்தான் காட்ட வேண்டும்.

முகவரியை எங்கே வைப்பது என்பதையும் யோசித்து முடிவு செய்யுங்கள். 2007-ல் அண்ணா பல்கலைக்கழகம் பிரிக்கப்பட்டு கோவை, திருச்சி, திருநெல்வேலி என்று தனிப் பல்கலைக்கழகங்கள் உருவாயின. 2012-ல் எல்லாம் மீண்டும் ஒன்றாயின. நடுவில் பட்டம் வாங்கியவர்களின் ஆவணங்களுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அப்படிப்பட்ட ஒவ்வொரு மாற்றத்திலும் எழும். துறையின் தளத்திலோ, மென்பொருள் விற்ற நிறுவனத்தின் தளத்திலோ திறன் முகவரிகளை வைத்தால் அது கேள்வியாக மட்டும் நிற்காது, இணைப்பே அறுந்துவிடும். பக்கம் இடம் மாறினாலும் புதிய இடத்துக்கு அனுப்பும் நிரந்தரத் திருப்பிவிடும் சேவை வழியாக முகவரி கொடுப்பது பாதுகாப்பானது.

அடுத்தது வெளி உலகோடு பொருத்துவது. இந்தியாவில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு 2013-ல் அறிவிக்கப்பட்டது. அதன் கீழ் ஒவ்வொரு வேலைக்கும் தேசியத் தொழில் தரங்கள் எழுதப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் குறியீடு இருக்கிறது. உங்கள் கூற்றுக்கு நெருங்கிய தொழில் தரம் இருந்தால் அதன் குறியீட்டைச் சேருங்கள். வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் எஸ்கோ திறன் வகைப்பாட்டின் முகவரியும் உதவும். பொருந்தாததைப் பொருத்த வேண்டாம். 'முழுதும் பொருந்துகிறது', 'தொடர்புடையது' என்ற இரண்டும் வேறு வேறு உறவுகள். தரநிலைகளிலும் அவை தனித்தனியாகவே இருக்கின்றன.

நிலை எண்ணையும் இங்கேயே முடித்துவிடலாம். 2023-ல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பின்படி ஆண்டுக்கு 1200 கற்றல் மணி நேரம், 40 கிரெடிட். அதாவது ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம். இளங்கலை முதலாண்டு 4.5-ஆம் நிலை, இரண்டாமாண்டு 5, மூன்றாமாண்டு 5.5.

படி 4: மாணவர் யார் என்பதை உறுதிசெய்யுங்கள்

மாணவர் ஈட்டும் கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் தேசிய டிஜிட்டல் அமைப்பான கிரெடிட் வங்கியில் ஒவ்வொரு மாணவருக்கும் 12 இலக்க எண் இருக்கிறது. பதிவுகள் அனைத்தும் அந்த எண்ணோடும் பல்கலைக்கழகப் பதிவு எண்ணோடும் இணைய வேண்டும். கல்லூரி கொடுக்கும் மின்னஞ்சல் முகவரியை அடையாளமாக வைக்காதீர்கள். படிப்பு முடிந்த சில மாதங்களில் அது செத்துவிடும்.

நம் ஊரில் பெரிய தலைவலி இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'எஸ். கவிதா', ஆதாரில் 'கவிதா செல்வம்', கல்லூரிப் பதிவேட்டில் 'கவிதா எஸ்' என்று இருந்தால் மூன்று அமைப்புகளுக்கும் அவர் மூன்று பேர். சேர்க்கை நேரத்திலேயே ஒரே வடிவத்தை முடிவு செய்து, மாணவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இறுதியாண்டில் இதைத் தொட்டால் நரகம்.

தமிழ்ப் பெயரையும் பதிகிறீர்களா? பதிய வேண்டும், நம் மாணவர் பெயர் நம் எழுத்திலும் இருக்க வேண்டும். அப்படியென்றால் ஒரு நுட்பத்தைக் கணினிப் பிரிவுக்குச் சொல்லுங்கள். யூனிகோடில் 'கொ' என்பதை ஒற்றை உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு இரண்டும் வேறு. எல்லாப் பெயர்களையும் என்எஃப்சி என்ற ஒரே இயல்பு வடிவத்துக்கு மாற்றிய பிறகே சேமிக்கவும் ஒப்பமிடவும் வேண்டும். இல்லையென்றால் கொடிமலர், கோமதி, கௌதமன் பெயர்கள் தேடலில் சிக்காமல் போகும்.

படி 5: தரவைத் தரநிலைக்குள் அமையுங்கள்

இப்போதுதான் தரநிலை. மூன்று அடுக்குகளை நினைவில் வைத்தால் குழப்பம் இருக்காது.

அடியில், இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி-யின் 'வெரிஃபையபிள் கிரெடென்ஷியல்' மாதிரி. இதன் 2.0 பதிப்பு 2025 மே மாதம் பரிந்துரையாக ஏற்கப்பட்டது. வழங்கியவர், பெற்றவர், கூற்று, டிஜிட்டல் ஒப்பம் என்ற அடிப்படை அமைப்பை இது தருகிறது. அதன் மேல் ஓப்பன் பேட்ஜஸ் 3.0. மொசில்லா 2011-ல் தொடங்கிய திட்டம் இது. இப்போது 1எட்டெக் பராமரிக்கிறது. ஒரு திறன், ஒரு சான்று என்று இதில் எழுதலாம். அதற்கும் மேல் சிஎல்ஆர் 2.0. பல சான்றுகளை ஒரே உறைக்குள் வைத்து, எந்தத் திறன் எந்தத் தாளின் கீழ் வருகிறது என்ற உறவோடு சொல்வது இது. மதிப்பெண் பட்டியலுக்கு இணையான டிஜிட்டல் ஆவணம் இந்த மூன்றாவதுதான்.

ஓப்பன் பேட்ஜஸில் எதை எங்கே வைப்பது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் திறன் கூற்று 'அச்சீவ்மென்ட்' என்ற பகுதிக்குள் போகும். அதன் வகை 'காம்பிடென்சி'. தாளாக இருந்தால் 'கோர்ஸ்'. நாட்டு நலப்பணிக்கு 'கம்யூனிட்டி சர்வீஸ்'. தாள் குறியீடு 'ஹியூமன் கோட்' புலத்தில். மதிப்பிடும் முறையும் தகுதிக் கோடும் 'கிரைடீரியா'வில். தொழில் தரக் குறியீடும் எஸ்கோ முகவரியும் 'அலைன்மென்ட்' பட்டியலில். தாளுக்கான மொத்தக் கிரெடிட் 'அச்சீவ்மென்ட்' பகுதியிலும், இந்த மாணவர் ஈட்டிய கிரெடிட் மாணவருக்குரிய பகுதியிலும் இருக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கிரேடு அல்லது மதிப்பீட்டு நிலை 'ரிசல்ட்'டில். செயல்திட்டத்தின் முகவரி 'எவிடென்ஸ்' பகுதியில்.

கிரெடிட்டைத் தாளுக்கு மட்டும் கொடுங்கள். ஒரு தாளின் 2 கிரெடிட்டைத் தாளிலும் எழுதி, அதன் கீழ் உள்ள மூன்று திறன்களிலும் எழுதினால், கூட்டிப் பார்க்கும் எந்த மென்பொருளும் 8 என்று சொல்லும்.

படி 6: ஒப்பமும் ரத்தும்

கோப்பை வழங்குவது பல்கலைக்கழகம்தான் என்பதை நிரூபிப்பது டிஜிட்டல் ஒப்பம். அதற்கான ரகசியச் சாவி ஒரு அலுவலரின் மடிக்கணினியில் இருக்கக்கூடாது. வன்பொருள் பெட்டகத்தில், இருவர் ஒப்புதல் இருந்தால்தான் இயங்கும்படி வையுங்கள். ஒப்பத்தைச் சரிபார்க்கப் பயன்படும் பொதுச் சாவி பல்கலைக்கழகத்தின் சொந்த இணைய முகவரியில் இருக்கட்டும். சாவியை மாற்றினாலும் பழைய பொதுச் சாவிகளை நீக்காதீர்கள், பழைய பட்டியல்களைச் சரிபார்க்க அவை வேண்டும்.

ரத்துசெய்யும் வழி முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். சான்றின் நிலையைக் காட்டும் பட்டியல் ஒன்றை இணையத்தில் வைத்து, ஒவ்வொரு சான்றிலும் அதற்கான சுட்டியைச் சேர்ப்பதே வழக்கம். ஆனால் ரத்து அடிக்கடி தேவைப்படக்கூடாது. நம் தேர்வு முறையில் முடிவு வந்த பிறகு மறுகூட்டல், மறுமதிப்பீடு என்று வாரங்கள் ஓடும். திறன் சான்றுகளை அந்தக் காலம் முடிந்த பிறகு வெளியிடுங்கள். அரியர் எழுதுபவர்களுக்குத் திறன் மதிப்பீடு முன்பே முடிந்திருந்தால் அந்த முடிவை அப்படியே காத்து வையுங்கள்; தாளில் தேர்ச்சி வந்ததும் சேர்த்து வெளியிடலாம்.

படி 7: கிரெடிட் வங்கிக்கும் டிஜிலாக்கருக்கும்

கிரெடிட் வங்கிக்கான யுஜிசி விதிமுறைகள் 2021 ஜூலையில் வந்தன. அங்கே ஏற்றும் கோப்பு ஒரு நீண்ட அட்டவணை: மாணவருக்கு ஒரு வரி, பாடப்பெயர், குறியீடு, மதிப்பெண், கிரெடிட் என்று பக்கவாட்டில் நீளும். தாள்தான் அதன் அலகு, திறன் கிடையாது. திறனைத் தாளின் பெயருக்குள் திணிக்கப் பார்க்காதீர்கள், அது கிரெடிட் மாற்றத்தில் சிக்கலைக் கொண்டுவரும். தாள் குறியீட்டை இரண்டுக்கும் பொதுவான இணைப்பாக வைத்து, அதே குறியீட்டின் வழியாகத் திறன் ஆவணத்தை இணையுங்கள்.

டிஜிலாக்கரில் மதிப்பெண் பட்டியல் ஏறும்போது அதற்கு வழங்குபவர் அடையாளம், ஆவண வகை, ஆவண எண் என்ற மூன்றும் சேர்ந்த முகவரி கிடைக்கும். டிஜிலாக்கர் ஆவணம் அசலுக்குச் சமம் என்று டிஜிட்டல் லாக்கர் தொடர்பான 2016-ன் விதிகளில் 9ஏ பிரிவு சொல்வதால், அந்த முகவரியைத் திறன் ஆவணத்திலும் குறிப்பிடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று சுட்டினால் சரிபார்ப்பவருக்கு அலைச்சல் மிச்சம்.

படி 8: அச்சில் எப்படித் தெரிய வேண்டும்

பெரும்பாலான மாணவர்கள் கையில் காகிதத்தோடுதான் நேர்காணலுக்குப் போகிறார்கள், அதை மறந்துவிட்டு எதையும் வடிவமைக்க வேண்டாம். பழைய மதிப்பெண் பட்டியலின் வடிவத்தை மாற்றாமல் ஒரு துணைத் தாள் சேர்ப்பது எளிது. அதில் திறனின் பெயர், ஒரு வரிக் கூற்று, எந்தத் தாளில் எப்படி மதிப்பிடப்பட்டது, எட்டிய நிலை, மாதமும் ஆண்டும். கீழே ஒரு க்யூஆர். அந்த க்யூஆர் பல்கலைக்கழகத்தின் சரிபார்ப்புப் பக்கத்துக்குப் போக வேண்டும், பிடிஎஃப் கோப்புக்கு அல்ல. போலிப் பிடிஎஃபை எவரும் எங்கேயும் ஏற்றிவைக்க முடியும். தமிழ் வழியில் படித்தவர்களுக்குக் கூற்று இரு மொழியிலும் இருக்கட்டும்.

படி 9: பகிரும் உரிமை மாணவருடையது

எட்டாத திறன்களைத் துணைத் தாளில் காட்டக்கூடாது. எட்டியவற்றிலும் எதை யாரிடம் காட்டுவது என்பது மாணவரின் முடிவு. திறன்கள் தனித்தனிச் சான்றுகளாக இருப்பதன் பெரிய நன்மையே அதுதான். செயல்திட்டக் கோப்புகளில் மற்ற மாணவர்களின் பெயர்கள், பேட்டி கண்டவர்களின் விவரங்கள், மருத்துவமனைப் பயிற்சி என்றால் நோயாளிகளின் படங்கள்கூட இருக்கும். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனத்தில் வைத்து, அவற்றைப் பொதுவெளியில் திறந்து வைக்காதீர்கள். சரிபார்ப்புப் பக்கமும் பதிவு எண்ணைத் தட்டினால் எவருடைய பட்டியலையும் காட்டுவதாக இருக்கக்கூடாது. மாணவர் கொடுத்த சுட்டியோடு வருபவருக்கு மட்டும் திறக்கட்டும்.

படி 10: முதல் தொகுதி

ஒரே பருவத்தில் எல்லாத் துறைகளிலும் தொடங்க ஆசை வரும். வேண்டாம். ஏற்கெனவே செய்முறைத் தேர்வு ஒழுங்காக நடக்கும் இரண்டு மூன்று தாள்களை எடுங்கள். பருவம் தொடங்கும் முன்பே கூற்றுகளைப் பாடக்குழுவில் ஒப்புதல் வாங்கி, மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே கொடுங்கள். எதற்காக மதிப்பிடப்படுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வெளியிடும் முன் இரண்டு சோதனைகள். ஒன்று, 1எட்டெக்கின் சரிபார்ப்புக் கருவியில் கோப்பு பிழையின்றிப் போகிறதா, வேறொரு நிறுவனத்தின் டிஜிட்டல் பெட்டகத்தில் திறக்கிறதா என்று பாருங்கள். விற்ற மென்பொருளிலேயே திறந்து பார்ப்பது சோதனை ஆகாது. இரண்டாவது, கல்லூரிக்குச் சம்பந்தமில்லாத, ஆட்களை வேலைக்கு எடுக்கும் ஒருவரிடம் துணைத் தாளைக் கொடுத்து, 'இந்த மாணவருக்கு என்ன செய்யத் தெரியும்?' என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்வதும் ஆசிரியர் சொல்வதும் ஒத்துப்போனால் அடுத்த பருவத்துக்கு நான்கைந்து தாள்களைச் சேர்க்கலாம். ஒத்துப்போகவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் கூற்றில்தான் இருக்கும். அந்தத் தாளை மறுபடி பாடக்குழுவுக்கே அனுப்புங்கள்.